எடைமேடையில் ஓர் ஐந்து மதிப்பெண் வினா

கோபாலபுரம் சோதனைச் சாவடிக்கு
முக்கால் கிலோமீட்டர் இந்தப் பக்கம்
அறுபது டன் எடைமேடை.
இரவு எட்டிலிருந்து காலை ஆறு வரை நான்தான்.
கண்ணாடிக்கு அந்தப்புறம் லாரிகள்.
இந்தப்புறம் அஞ்சல்வழி எம்.ஏ. பாடநூல்,
பன்னிரண்டாம் அலகு.

"தக்காளியைப் பின்னால எடுங்க,
வைக்கோல் முன்னால வாங்க"
என்று மைக்கில் கத்துவேன்.
ஏற்றிய சரக்கின் பெயரால்
ஏறிய வண்டியைக் கூப்பிட்டால்
தானியாகுபெயராம்.
வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம் கழித்து
ஒரு புத்தகம் சொல்கிறது.

சாவடியில் டீ என்றால் நூறு ரூபாய்,
பன்னோடு டீ என்றால் இருநூறு.
அது குழூஉக்குறி.
கொடுத்துவிட்டு வண்டியில் ஏறும்போது
"உங்களாட்டம் நேர்மையான ஆபீசர் உண்டுங்களா"
என்பார்களே, அது வஞ்சப்புகழ்ச்சி.
சிலேடைக்கு எல்லை தாண்டவே வேண்டாம்:
கொழிஞ்சாம்பாறை டிரைவர் ஒருவர்
"கொறச்சு சம்சாரிக்கணும்" என்றபோது
முதல் மாதம் முறைத்திருக்கிறேன்.

பிடிபடாமல் நின்றது ஒன்றே ஒன்று.
உள்ளுறை, இறைச்சி: வேறுபடுத்துக.
கருப்பொருளுக்குள் ஒளிந்திருப்பது முன்னது,
சொன்னதற்குப் புறத்தே தோன்றுவது பின்னது.
மனப்பாடம் செய்வேன்.
அடுத்த லாரி ஏறும். மேடை ஒரு குலுங்கு குலுங்கும்.
இரண்டும் இடம் மாறிவிடும்.

செவ்வாய்ச் சந்தை கலைந்த இரவு
சைதலவியின் ஐஷர் வந்து நின்றது.
மாடு பன்னிரண்டு. மொத்தம் 7,460.
சீட்டு அடித்துவிட்டேன்.
இந்த வண்டியை மட்டும்
மைக்கில் எப்படிக் கூப்பிடுவதென்று தெரியாது.
ஏறியிருப்பதன் பெயர் வேறு,
இறங்கப் போவதன் பெயர் வேறு.
எல்லைக்கு அந்தப் பக்கமும்
இறைச்சிக்கு இறைச்சி என்றுதான் பெயர்.

வண்டியை நகர்த்தப் போனவன் நிறுத்தினான்.
பின்கதவோரம் நின்ற செவலை
கால்களை அகட்டிக்கொண்டு
கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டிருந்தது.
டார்ச் பிடித்தேன்.
முக்கால் மணி நேரம்.
பின்னால் ஏழு வண்டிகளின் ஹாரன்.
வைக்கோல்மேல் ஈரமாய் ஒரு கன்று
எழப் பார்த்து, மடங்கி,
மறுபடி எழப் பார்த்தது.

உள்ளே வந்து திரையைப் பார்த்தேன்.
உருப்படி பதின்மூன்று.
எடை அதே 7,460.
ஒரு கிலோகூட ஏறவில்லை.

"பேப்பர்ல பன்னெண்டல்லே உள்ளூ" என்றான்.
"பன்னெண்டுதான்" என்றேன்.
பின்விளக்குகள் சாவடிப் பக்கம் போயின.
ஏழு வண்டிகளும் வரிசையாய் என்னைத் திட்டிவிட்டு ஏறின.

காலை ஐந்தே கால்.
கணக்குத் தீர்க்க வெறும் வண்டி எடை வேண்டும்.
அந்த வண்டி எப்போதும் 3,920.
அணி இலக்கணத்தைவிட நன்றாகத் தெரியும் எனக்கு.
இன்றைக்கு 3,940.

தளத்தைக் கழுவிவிட்டிருந்தான்,
பலகையில் ஈரம் காயவில்லை.
ஈரம் இருபது கிலோ வருமா?
கேபின் கண்ணாடி இரண்டும் ஏற்றியிருந்தது,
அந்த மார்ச் புழுக்கத்தில்.

எதிர் பேக்கரியில் போய் நின்றான்.
"பால் அர லிட்டர். பஞ்சார வேண்டா.
நல்லோணம் ஆறட்டே."
அப்புறம் ஒரு காலி பாட்டிலைக் கொடுத்து
கழுவித் தரச் சொன்னான்.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
சீட்டு இரண்டு பிரதி அடித்தேன்.
ஒன்று அவன் சட்டைப் பையில்.
மற்றது பன்னிரண்டாம் அலகில் இருக்கிறது,
எடுத்துக்காட்டு எழுத
நான் இடம் விட்டிருந்த பக்கத்தில்.