இரண்டாம் வகை

இன்னிஸ்ஃபெய்லிலிருந்து பதினொரு குழாய்கள்
ஐஸ் பெட்டிக்குள், வாழைக்காய் லாரியின் முன்சீட்டில்
கெய்ர்ன்ஸ் வந்து சேர்ந்தன.
கூரியர் வண்டி வெள்ளத்தில் நின்றுவிட்டதாம்.

எல்லாம் ஒரே தெரு.
வாளிகளிலும் கழற்றிப்போட்ட டயர்களிலும்
பகலில் கடிக்கிற கொசு வளர்ந்த தெரு.

கூடவே ஒரு தாள், நர்ஸ் மொரீனின் கிறுக்கலில்:
ஜிம்சன்தான் கொண்டுவந்தான் என்கிறார்கள்.
வீட்டுக்காரி அவன் படுக்கையை
டிராக்டர் கொட்டகையில் போட்டுவிட்டாள்.

ஜிம்சன் தாரி. வனுவாட்டுக்காரன். தார் சுமப்பவன்.
போன வருடம் இதே காய்ச்சலில் கிடந்தவன்.
தெருவுக்கு ஞாபகம் அதிகம்,
வகை பிரிக்கத்தான் தெரியாது.

டெங்கு நான்கு பேர்.
ஒரு வயிற்றுப் பிள்ளைகள், ஒரே ஜாடை.
வந்துபோன வீட்டுக்கு ஒருவன் திரும்ப வரமாட்டான்.
அடுத்தவன் வந்தால்தான் வினை:
அண்ணனைப் பிடிக்கப் பழகிய கைகளே
தம்பியைத் தோளில் தூக்கி
உள்ளே கொண்டுபோய் விட்டுவிடும்.

திங்கள் இரவு
இருபத்திரண்டாம் சுற்றில் தலைதூக்கியது முதல் கோடு.
விடிவதற்குள் பதினொன்றும்.
அத்தனையும் இரண்டாம் வகை.

ஃப்ரீசரின் அடித்தட்டில் பனியைச் சுரண்டி
ஜிம்சனின் போன வருடக் குழாயை எடுத்தேன்.
ஒன்றாம் வகை.
நம்பாமல் மறுபடி ஓட்டினேன்.
ஒன்றுதான்.

வியாழன் இரவு எழுத்தெழுத்தாய்ப் படித்து முடித்தேன்.
பதினான்காம் எண் வீடு முதலில்.
அலைப்பலகையோடு பாலியில் பத்து நாள் இருந்து வந்தவர்.
மற்ற பத்தும் அவருடையதிலிருந்து
ஓரெழுத்து, ஈரெழுத்து தள்ளி.

இதைத் தெருவுக்குச் சொல்லக் கூடாது.
அறிக்கையில் பெயருக்கு இடமில்லை.
சொன்னால் மட்டும் என்ன,
இன்னொரு படுக்கை வெளியே வரும்.

'இரண்டாம் வகை' என்று தட்டி
அங்கயற்கண்ணி என்று கையெழுத்திட்டு
நாற்காலியைத் தள்ளி எழும்போதுதான் உறைத்தது.

ஒன்றாமவன் வந்துபோன இரத்தம்
எனக்குத் தெரிந்து அந்தத் தெருவில்
ஒன்றே ஒன்று.
அது கொட்டகையில், வலையில்லாமல் படுத்திருக்கிறது.
மூன்று நாளாய் நானும்
யார் கொண்டுவந்தார் என்றுதான்
பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மொரீனை எழுப்பினேன். மணி நாலரை.
"அவனால் தெருவுக்கு ஒன்றுமில்லை, மொரீன்.
தெருவால்தான் அவனுக்கு."

ஃபோனில் கொஞ்ச நேரம்
தவளைகள் மட்டும்.
பிறகு, கார்ச் சாவியைத் தேடுகிற சத்தம்.