இருப்பு

முகல் தெரு, ரங்கூன். அறுபத்து நாலு.
ஐம்பதும் நூறும் செல்லாதென்று
வானொலி சொன்ன மறுநாள்
கல்லாவைக் கவிழ்த்தார் சுல்தான்பிச்சை லெப்பை.
சிரித்தார், ஏனோ.

"சலாகுத்தீன் மௌத்தானப்ப
கஜானால என்ன இருந்துச்சு தெரியுமா?
எழுதும் கணக்கப்பிள்ளை."

எழுதினேன்.
வரவு: மிஸ்ரு, ஷாம், பைத்துல் முகத்தஸ்.
இருப்பு: ஒரு தினார், நாற்பத்தேழு திர்ஹம்.
கபன் துணி: கடன்.

ஆடியில் அவரும் போனார்.
எதிர்க்கடை மா சான் மியிந்த்
வெள்ளைத் துணி ஏழு கெஜம் கிழித்தாள்,
விலை சொல்லாமல்.
அதையும் பற்றெழுதினேன்.

துறைமுகத்தில் சுங்கக்காரன்
என் மனைவியின் மூக்குத்தியை வாங்கிக்கொண்டு
திருகாணியைத் திருப்பித் தந்தான்.
பேரேட்டைப் புரட்டினான்.
தமிழ் தெரியாது அவனுக்கு.

மிஸ்ரும் ஷாமும்
அவன் கண்ணெதிரே
கப்பலேறின.
அந்த ஏழு கெஜமும்.