தலையைச் சுற்றி

ஒவ்வொரு முறையும் தாரியேல் தொண்ணூறாம் நாள் கிளம்பினான்.
எண்பத்தொன்பதாம் நாள் ராத்திரி
அவன் சட்டை மடிப்பான், நான் பாத்திரம் துலக்குவேன்.
குழாய் ஒழுகுவதைப் பற்றி
அக்கறையாகப் பேசிக்கொள்வோம்.

நூற்றெண்பதில் தொண்ணூறு.
வந்திறங்கும் நாளும் ஒரு நாள்
கிளம்பும் நாளும் ஒரு நாள்.
குளியலறைக் கதவில் ஒரு நாள்காட்டி:
அவன் இருக்கும் நாளுக்குப் பச்சைக் கோடு.
இல்லாத நாளுக்கு நான் மை செலவழித்ததில்லை.

குத்தாயிசியில் அவன் லிஃப்ட் பழுது பார்ப்பான்.
கோபன்ஹேகனில் நான் பல் செய்வேன்,
கடைசிவரை முகம் பார்க்காத வாய்களுக்கு.
கோடையில் என்னைவிட இரண்டு மணி நேரம் முந்தியிருப்பான்.
அக்டோபர் கடைசியில்
எங்கள் கடிகாரங்களைப் பின்னுக்குத் தள்ளுவார்கள்
அவன் ஊர்க் கடிகாரம் அசையாது.
இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு
குளிர்காலம் முழுக்க
இன்னும் ஒரு மணி நேரம் தள்ளிப்போவான்.

"அதான் கல்யாணம் ஆகிவிட்டதே சிட்செல்," என்றார்கள் வேலையிடத்தில்.
ஆகிவிட்டது. பிப்ரவரியில், நகராட்சியில், எட்டு நிமிடத்தில்.
மாலையும் கழுத்துமாக என்று சொல்ல முடியாது;
ஈரக் கோட்டும் கழுத்துக்குட்டையுமாக வெளியே வந்தோம்.
கணக்கில் அன்று அறுபத்திரண்டாம் நாள்.

வழக்கறிஞர் யூட்டே தாள்களைப் பரப்பினாள்.
ஒன்றில் என் நாடு:
அவன் அரசிடம் கை நீட்ட மாட்டான் என்பதற்கு ஈடாக
வங்கியில் நான் பூட்டிவைக்க வேண்டிய தொகை.
நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.
வீட்டில் ஆளுக்கு இத்தனை சதுர மீட்டர் வேண்டுமாம்.
என் அறையில் ஒருவர் காலுறை மாட்டினால்
மற்றவர் கட்டிலில் ஏறி நிற்க வேண்டும்.

இன்னொன்றில் அவன் நாடு.
ஓராண்டு இருந்துகொள், கேள்வியே இல்லை.
"உன்னிடம் நான் வர எவ்வளவு லேசு, பார்!" என்றேன் திரையில்.
நெடுநேரம் பேசவில்லை.
"தெரியும்," என்றான்.
அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு
அந்தத் தாளை நான் திரும்ப எடுக்கவில்லை.

யூட்டே ஜன்னலைக் காட்டினாள்.
"பாலத்தைத் தாண்டு. ஸ்வீடனில் குடியேறு.
அங்கே நீ வந்தேறி.
வந்தேறிக்குக் கணவனைக் கூட வைத்துக்கொள்ளும் வழி சுலபம்.
உள்ளூர்க்காரிக்குத்தான் கஷ்டம்."
தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது.
ஆனால் மூக்கு கைக்கு அகப்படும்.

சான்றுகள் கேட்டார்கள்.
படங்கள், பயணச்சீட்டுகள்,
நான்கு ஆண்டின் குறுஞ்செய்திகள்.
சண்டைகளை நீக்கிவிட்டு அச்சடித்தேன்.
"அதையும் சேர்," என்றாள் யூட்டே,
"இப்படி ஒரு தம்பதியை யார் நம்புவார்கள்?"
இருபது பக்கம் கூடியது.
வெண்ணெய்யைப் பற்றி மட்டும் மூன்று பக்கம்.

இரண்டு குளிர்காலம் அவன்
என் மொழியைப் படித்திருந்தான்,
தொண்டைக்குள் பாதியை விழுங்கிப் பேசும் டேனிஷை,
லிஃப்ட் குழிகளுக்குள் உரக்கச் சொல்லிச் சொல்லி.
மால்மோவில் ரயிலை விட்டு இறங்கியதும்
பெயர்ப்பலகையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
"மறுபடியும் முதலிலிருந்தா?"

இப்போது தினமும் பாலம் கடக்கிறவள் நான்.
மாலை ரயிலில் போலீஸ் ஏறுகிறது.
பிறந்ததிலிருந்து யாரும் கேட்காத கேள்வியை
என்னிடம் கேட்கிறது.
கடவுச்சீட்டை நீட்டுகையில்
ஏனோ முதுகு தானாக நிமிர்கிறது.
அவன் எத்தனை வரிசையில் இப்படி நின்றிருப்பான் என்று
நான் கேட்டதே இல்லை.

அட்டை இன்னும் வரவில்லை. பரிசீலனையில்.
நாள்காட்டியைப் பழைய கதவிலேயே விட்டுவந்தேன்.

ஒரு வியாழன், வீடு திரும்பினால்
மூன்றாம் மாடியில் லிஃப்ட் வாசலில் அவன் செருப்பு.
குழிக்குள்ளிருந்து டேனிஷில் ஒரு கத்தல்.
எதிர்வீட்டு குன்வோர் பாதி புரிந்துகொண்டு
டார்ச்சோடு வந்தாள்.
அவன் கேட்டது ஸ்பானர்.

எண்ணெய்க் கையோடு சாப்பிட உட்கார்ந்தான்.
அன்று தொண்ணூற்றொன்றாம் நாள் என்பதை
மறுநாள்
ரயிலில்தான் கவனித்தேன்.