கறுப்பு மையில் எழுதவும்

நாற்பது பக்கப் படிவம்.
கறுப்பு மையில் எழுதவும் என்று
முதல் பக்கத்திலேயே கண்டிப்பு.
வீட்டில் இருந்தவை இரண்டு:
மீன் பெட்டிகளில் எண் போடும் தடித்த பேனா,
மேபலின் ஊதா மினுக்குப் பேனா.
எதிர்வீட்டு மோரீன் இரவல் கொடுத்தாள்
குதிரைப் பந்தயக் கடையில் சுட்ட குட்டைப் பேனா ஒன்றை.
"இது எழுதின எதுவும் இதுவரைக்கும் ஜெயிச்சதில்ல,
பாத்துக்கோ."

இரவு ஒன்பது. கிரிம்ஸ்பியில் மழை.
மேபல் தூங்கிவிட்டாள்,
அதாவது முதல் தவணை.

இரவில் எத்தனை தடவை எழுந்திருப்பீர்கள்?
ஒவ்வொரு தடவையும் எத்தனை நிமிடம்?

பன்னிரண்டு வருஷமாக மீன் அறுக்கிறேன்.
ஒரு காட் மீனை முள் எடுத்துக் கூறுபோட
எத்தனை நொடி என்று கேளுங்கள், சொல்வேன்.
நனைந்த விரிப்பை உருவி,
அவளைப் புரட்டிப் படுக்க வைத்து,
காலின் இறுக்கம் தளரும்வரை
கையால் பிடித்துக்கொண்டிருந்து,
அவள் சிரித்தால் கூடச் சிரித்து...
ஆறு வருஷமாக அதற்குக்
கடிகாரம் பார்க்கத் தோன்றவில்லை.
இருபது நிமிடம் என்று எழுதினேன்.
ஸ்டேசி எட்டிப் பார்த்தாள்.
"சிரிச்சதக் கழிச்சியா?"

உதவி மையத்துப் பெண்மணி சொல்லியிருந்தார்:
நல்ல நாளை மட்டும் வைத்து எழுதிவிடாதீர்கள்.
பெற்றவர்களுக்குப் பெருமை பேசிப் பழக்கம்,
அதுதான் காரியத்தைக் கெடுக்கிறது.

சரி என்று எழுதினேன்.
நடப்பாளா, இல்லை.
கரண்டி பிடிப்பாளா, இல்லை.
பேச்சு, நாலு வார்த்தை,
அதில் இரண்டு எங்களுக்கு மட்டுமே புரியும்.
எழுத எழுத
யார் வீட்டுப் பிள்ளையோ
மேசைமேல் வந்து கிடந்தது,
முள்ளாக,
நான் தினமும் கூடையில் எறிவதுபோல.
சதையைக் கேட்கிற கேள்வி எந்தப் பக்கத்திலும் இல்லை.
நான் கதவைத் திறக்கும் முன்னே
என் கை நாற்றம் எட்டி அவள் துள்ளுவது.
பட்டாணியைக் குறி தவறாமல்
என் கண்ணாடிமேல் துப்புவது.

ஷிஃப்டில் கார்ல் ஒருமுறை சொன்னான்,
சும்மா வர்ற காசு, கொடுத்து வெச்சவன் நீ.
அவன் கையில் கத்தி இருந்தது. என் கையிலும்.
இரண்டு பேரும் மீனையே பார்த்துக்கொண்டோம்.
ஸ்டேசி விட்ட பேக்கரி வேலையை
அவனுக்குச் சொல்லவில்லை.
ஷெஃபீல்டு ஆஸ்பத்திரிக்குப் பெட்ரோல்,
நிறுத்தக் காசு,
ஐந்து மாதத்தில் சிறுத்துப்போகும் தனிச் செருப்பு,
ராத்திரியெல்லாம் ஓடும் துணி உலர்த்தி,
காசு போட்டால்தான் எரியும் மின்சார மீட்டர்.
எதையும் சொல்லவில்லை.

பொத்தான் போடுவாளா என்ற கேள்வியில்
பேனா நின்றது.

செவ்வாய்க்கிழமை போட்டாள்.
ஒன்று. மேலிருந்து மூன்றாவது.
தப்பான துளையில்.
பதினேழு நிமிடம்.
அதற்கு மட்டும் கடிகாரம் பார்த்தோம்.
ஸ்டேசி கத்தப்போய் வாயைப் பொத்திக்கொண்டாள்,
சுவருக்கு அந்தப் பக்கம்
அரசாங்கம் குடியிருப்பதுபோல.
முதல் பல்லைத் தெருவுக்கே காட்டியவர்கள்
முதல் பொத்தானைத்
திருட்டுச் சாமானாக ஒளித்து வைத்தோம்.

"எழுதாதே" என்றாள்.
கொஞ்ச நேரம் கழித்து,
"எழுது" என்றாள்.
எழுதினேன்.
ஒரு பொத்தான், தப்பான துளை, பதினேழு நிமிடம்,
அப்புறம் கை சோர்ந்து அரை மணி அழுகை.
கட்டம் போதாமல் ஓரத்தில் ஏறியது எழுத்து.
மோரீனின் பேனா திக்கத் தொடங்கியிருந்தது.

கடைசிப் பக்கம்:
ஏதேனும் மாறினால் உடனே தெரிவிக்கவும்.
கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு பத்துக்கு எழுந்தாள்.
விரிப்பு மாற்றினேன்.
இருட்டில் அவள் விரல்கள்
என் சட்டையில் எதையோ தேடின,
கண்டுபிடித்தன,
திருகின.
போடுகிறாளா, கழற்றுகிறாளா, தெரியவில்லை.
மணி பார்க்கவில்லை.