இரண்டு விரல் கூடுதல்

படகு இன்னும் எதிர்க்கரையில் நிற்கிறது.
வெயில் ஏறுமுன்பே பேச்சு ஏறிவிட்டது.

"அது நோய்தான்" என்றார் பல் மருத்துவர் லபீப்.
"அக்கெனாத்தெனின் தாடையைப் பாருங்கள்,
குதிரைக்குக்கூட அவ்வளவு நீளம் ஆகாது.
அதில் கடைவாய்ப்பல் ஒழுங்காய் நின்றிருக்காது.
மூவாயிரத்துச் சொச்சம் வருடம் பிந்திவிட்டது,
இல்லையென்றால் என் நாற்காலிக்கு வந்திருக்க வேண்டியவன்."

கல்லறைக் காவலர் ஷெஹாத்தா
நைல் நதியில் காறித் துப்பினார்.
"நோயாவது ஒன்றாவது.
அரசிக்கும் அதே தாடை,
மகள்களுக்கும் அதே சுரைக்காய் மண்டை,
விசிறி பிடிக்கிறவனுக்கும் அதே தொப்பை.
ஊருக்கே ஒரே நோயா, டாக்டர்?
மேலிடத்து உத்தரவு. சிற்பி செதுக்கினான்.
சம்பளம் வாங்குகிறவனுக்குத்தான் அது புரியும்."

அஸ்யூத்தில் படிக்கிற வஜ்தி
கைபேசியிலிருந்து தலையை எடுக்காமலே
சூரியன் தாயும் தந்தையுமாம்,
அதனால் அதன் மகனும் இரண்டுமாய்
நிற்க ஆசைப்பட்டானாம் என்றான்.
யாரும் பதில் சொல்லவில்லை.
அது பரீட்சைக்கான விடைபோல் இருந்தது.

மாவுமூட்டை மேலிருந்து தபீதா:
"எனக்கு அதெல்லாம் தெரியாது.
தொப்புளுக்குக் கீழே விழுகிறதே ஒரு மடிப்பு,
அது மூன்று பெற்ற வயிறு.
கற்பனையில் வராது.
யாரோ பார்த்துத்தான் செதுக்கியிருக்கிறான்."
"யாருடைய வயிற்றை அக்கா?" என்ற படகுக்காரப் பையனுக்கு
முதுகில் ஒன்று கிடைத்தது.

நான் வாய் திறக்கவில்லை.
மல்லவிக் கடைத்தெருவில் முப்பத்தொரு வருடமாய்த் தையற்காரன்.
நாடாவைக் கண்டதும்
ஆம்பளைகள் மூச்சை உள்ளே இழுப்பார்கள்.
நானும் கண்டும் காணாமல்
சத்தமாய் ஒரு எண் சொல்வேன்,
நோட்டில் வேறு எண் எழுதுவேன்,
தையலுக்குள் இரண்டு விரல் துணி ஒளித்துவைப்பேன்.
ரம்ஜான் முடிந்து வந்து
"துணி சுருங்கிவிட்டது" என்பார்கள்.
"ஆமாம், பருத்தி அப்படித்தான்" என்று பிரித்துவிடுவேன்.
என் பிழைப்பே அந்த இரண்டு விரல்தான்.

இந்த முப்பத்தொரு வருடத்தில் ஒருவன்,
ஒரே ஒருவன்,
"வயிறு தெரிகிற மாதிரி தை" என்று கேட்டதில்லை.

அக்கரை சேர்ந்தோம்.
காவலர்களுக்குக் குளிர்காலச் சீருடை.
அதற்குத்தான் நான் வந்தது.
மலையில் குடைந்த அறையில், நிழலில்,
எல்லோரையும் வரிசையாய் நிற்கச் சொன்னார்கள்.
சுவரில் அவன்.
முகத்தைக் கொத்தி எடுத்திருக்கிறார்கள்.
பெயரையும்.
வயிற்றை விட்டுவிட்டிருக்கிறார்கள்.
அவமானம் அங்கேயே இருக்கட்டும் என்றா?
உளி மழுங்கிவிட்டதா?
கூலிக்காரன் சாப்பிடப் போய்த் திரும்பவில்லையா?

சுவரைத் தொடக் கூடாது என்று ஷெஹாத்தாவின் உத்தரவு.
ஒரு சாண் தள்ளி நின்று
ஒரு கண்ணை மூடி
காற்றில் நாடாவைப் பிடித்தேன்.
இறுக்கவில்லை, இழுக்கவில்லை,
மூச்சு அடக்கிய அடையாளம் எங்குமில்லை.
நோயோ, உத்தரவோ, சூரியனோ,
இந்த வயிற்றை அவன் வெளியே விட்டிருந்தான்.
இவனுக்குத் தைத்தால்
ஒளித்துவைக்க எனக்கு ஒன்றும் இருக்காது.
கொஞ்சம் பயமாய்க்கூட இருந்தது.

"அடுத்தது நான்" என்று வந்து நின்றார் ஷெஹாத்தா.
தோள், முதுகு, கை.
இடுப்புக்கு நாடா வந்ததும்
விலா எலும்பு ஏறியது, முகம் சிவந்தது.
"மூச்சை விடுங்கள்" என்றேன்.
"விட்டுத்தானே நிற்கிறேன்" என்றார்
மூச்சை விடாமல்.

"நாற்பது" என்றேன் சத்தமாய்.
எழுதியது நாற்பத்திநாலு.