ஒரே கொட்டகை, இரண்டு முறை

பன்னிரண்டு பேரில் என்னுடையது ஒன்பதாவது நாற்காலி.
மற்ற நாட்களில் மொன்டானாவின் வடகோடியில்
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்.
பனியில் நாற்பது மைல், பதினோரு பிள்ளைகள்.
சாலைப் பலகை சொல்கிறபடி திரும்புவேன்.
அவ்வளவுதான் என் சட்ட ஞானம்.

ஓரின் ட்வேட்மீது இரண்டு குற்றச்சாட்டு.
ஒன்று: மைத்துனனின் கொட்டகையை
வேண்டுமென்றே எரித்தான்.
இரண்டு: அதே கொட்டகையை
அசட்டையால் எரியவிட்டான்.
நீதிபதி முப்பத்தொரு பக்கம் வாசித்தார்,
கோதுமை மூட்டை இறக்குகிறவர் மாதிரி,
எண்ணிக்கை தப்பாமல், எதையும் பிரிக்காமல்.
பத்தொன்பதாம் பக்கத்தின் அடியில்
"அல்லது" என்றொரு சொல் இருந்ததாம்.
அந்நேரம் சுவரில் வெந்நீர்க் குழாய்
தட்டிக்கொண்டிருந்தது.
என் காதில் விழுந்தது "மற்றும்".

குதிரைகளின் படங்களைக்
கவிழ்த்துத்தான் வைத்திருந்தோம் மேசையில்.
மூன்று குதிரைகள்.
கவிழ்த்து வைத்தாலும் தெரிந்தன.

வங்கியில் வேலை பார்க்கும் ரொவீனா கேட்டாள்:
வேண்டுமென்றே செய்தவன்
எப்படி அசட்டையாகவும் இருப்பான்?
டிராக்டர் உதிரிபாகம் விற்கும் ஸ்டென்விக்
எங்கள் தலைவர். பென்சிலால் ஒரு சீட்டு எழுதினார்:
*இரண்டுக்கும் பதில் சொல்லியாக வேண்டுமா?
ஒன்றுக்கு ஆம் என்றால் மற்றதை என்ன செய்வது?*
காவலர் கொண்டுபோனார்.
நாற்பது நிமிடம்.
பதில் வந்தது:
*சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. மறுபடி படியுங்கள்.*

படித்தோம்.
வெளியே பனி விழத் தொடங்கியிருந்தது.
யாருக்கோ மாடு ஈனும் நேரம்.
படிவத்தில் இரண்டு கட்டம்,
இரண்டிலும் கையெழுத்துக் கோடு.
கோடு இருந்தால் கையெழுத்துப் போடுகிறவர்கள் நாங்கள்.

"இது உங்கள் தீர்ப்புதானா?"
ஒவ்வொருவராகக் கேட்டார் நீதிபதி.
பன்னிரண்டு ஆம்.
ஒன்பதாவது ஆம் கொஞ்சம் கரகரத்தது,
சுருக்கெழுத்தில் அது பதிவாகாது.

பதினைந்து ஆண்டு.

பதினான்கு மாதம் கழித்து
நோரீன் என்ற வழக்கறிஞர் என் சமையலறைக்கு வந்தார்,
பூட்ஸைக் கழற்றிவிட்டு, ஓட்டை விழுந்த காலுறையோடு.
எல்லாம் சொன்னேன். குழாய்ச் சத்தம்கூட.
சத்தியம் செய்து கையொப்பமிட்டேன்.
செல்லாது என்றார்கள்.
ஜூரி அறைக்குள் யார் என்ன நினைத்தார் என்பது
கதவு மூடியதும் முடிந்துபோன விஷயமாம்.
செல்லுமாம் அந்தச் சீட்டு மட்டும்,
கதவைத் தாண்டி வெளியே வந்ததால்.
ஸ்டென்விக்கின் கோணல் எழுத்து,
ஓரத்தில் ஒரு காப்பி வளையம்.
என் கோப்பையின் வளையம்.
ஆக என் சாட்சியத்தில்
அதுதான் கோப்பில் ஏறியது.

வாதம் நடந்த அன்று கடைசி வரிசையில் இருந்தேன்.
ஐந்து நீதிபதிகளில் மூக்கடைப்பாயிருந்த ஒருவர்
அரசு வழக்கறிஞரைக் கேட்டார்:
"அந்தக் கொட்டகை எத்தனை முறை எரிந்தது?"
அவர் தண்ணீர் குடித்தார்.
பிறகு இன்னும் கொஞ்சம் குடித்தார்.

தீர்ப்பு ரத்து. மறு விசாரணை.
நிரபராதி என்று யாரும் சொல்லவில்லை.
பன்னிரண்டு பேர் என்ன சொன்னார்கள் என்று
எங்களுக்குத் தெரியவில்லை, இவ்வளவுதான்
இருபத்திரண்டு பக்கமும்.

இரவில் படுத்தால்
அவன்தான் கொளுத்தினான் என்று தோன்றுகிறது.
காலையில் பேருந்து ஓட்டும்போது
யாரோ தாள் எரிக்கும் வயலில்
புகை சட்டென்று திசை மாறும்.
அப்போது தோன்றுவதில்லை.
இந்த இரண்டையும் எழுத
எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது.

பக்கத்து வீட்டு மார்வெலுக்கு
ஜூரி அழைப்பாணை வந்திருக்கிறது.
பனி தள்ளும் மண்வாரியைத் திருப்பித் தர வந்தவள்
எப்படி இருக்கும் அது என்று கேட்டாள்.
எந்த வழக்காயிருக்கும் என்று இருவருக்கும் தெரியும்,
ஆகவே நான் ஒன்றும் பேசக்கூடாது.
காப்பி ஊற்றினேன்.
அழைப்பாணை மேசையில் விரிந்து கிடந்தது.
அவள் கோப்பையைத் தூக்கியே வைத்திருந்தாள்,
இறக்க இடம் தேடி.