நாள் கூலி அறுநூறு

இல்சே சொல்வாள், நான் சொல்வேன்.
அவர்கள் சொல்வார்கள், நான் சொல்வேன்.
இடையில் நின்றதற்கு நாள் கூலி அறுநூறு,
மத்தியானச் சாப்பாடு தனி.

லாத்வியாவிலிருந்து வந்திருந்தாள்,
ஊற்றுத் தண்ணீரைத் தொட்டி கட்டிப் பிடிக்க.
அவள் ஊரில் கடலே உறைந்துபோகுமாம்.
அதை நான் தமிழில் சொன்னபோது
நாகலூருக்கு மேலே அந்தப் பதினெட்டு வீட்டுக்காரர்களும்
அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள்,
கூட்டிச் சொல்கிறானோ என்று.

"சம்பளம் எவ்வளவாம்?"
இல்லையாம்.
"சம்பளமில்லாம இத்தனை தூரம் வரணும்னா
அங்க என்ன பண்ணிட்டு ஓடியாந்தா?"

என்ன சொல்கிறார்கள் என்றாள்.
உன்னைப் பார்த்ததில் சந்தோஷமாம் என்றேன்.

அப்படித்தான் ஆரம்பித்தது.

தை மாதக் கூட்டம். ஆறரைக்குக் கடைசி பஸ்.
பொன்னுருவி எழுந்து
மலைச்சரிவைக் கையால் கிழித்துக் கிழித்துப் பேசினாள்:
இந்த ஊற்று பங்குனியோடு அடங்கிவிடும்,
அத்திமரத்தடி ஊற்றுதான் சித்திரையிலும் கசியும்,
கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து
குடத்தோடு அலைகிறவளுக்குத் தெரியாதா என்றாள்.
இன்னும் நிறையச் சொன்னாள்.

ஒத்துக்கொள்கிறார்கள் என்றேன்.
பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

இல்சே சிமெண்ட் குழைத்தாள்.
கணுக்காலில் அட்டை கடித்த இடத்தை எண்ணி
வீட்டுக்குப் படம் அனுப்பினாள்.
சில்வர் ஓக் மரத்தடியில் ஒரே ஒரு பாறையில்தான் சிக்னல்;
அதன்மேல் நின்றுதான்
அப்பாவின் இதய அறுவை முடிந்ததைக் கேட்டாள்,
பாதியில் தொடர்பு அறுந்து
பிழைத்தாரா என்பது மறுநாள்தான் தெரிந்தது.
பிழைத்திருந்தார்.
அன்றைக்குப் பார்த்து முதல் மழைக்குக் காப்பி பூத்திருந்தது.
சரிவு முழுக்க வெள்ளை.
எங்கள் ஊரில் இதைத் தள்ளிவிட்டு நடக்கவேண்டும் என்று
வாயெல்லாம் சிரிப்பாக
ஒரு கொத்தைத் தலையில் உதிர்த்துக்கொண்டாள்.

டைபாய்டு வந்து சேலத்தில் ஒன்பது நாள்.
ஃபேனில்லாத வார்டில்
உப்புக்கஞ்சி முன்னால் உட்கார்ந்து
நான் ஏன் இங்கே இருக்கிறேன் என்று கேட்டாள்.
யாரிடமும் இல்லை. மொழிபெயர்க்க அதில் ஒன்றுமில்லை.

சித்திரை. தொட்டி காய்ந்தது.
அடியில் ஒரு தவளை, ஒரு பிஸ்கட் உறை.
அவள் தொட்டிக்குள்ளேயே இறங்கி உட்கார்ந்துகொண்டாள்.
தவறு எங்கே என்று கணக்குநோட்டைப் புரட்டினாள்.
தவறு, அவளுக்கு மூன்றடி தள்ளி நின்று
வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தது.

அதன்பிறகுதான்
ரேஷன் வரிசையில் பெண்களோடு நிற்கத் தொடங்கினாள்.
குடம். கயிறு. வழுக்கும். சும்மா இரு.
உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொள்வாள்.

ஒரு காலை நான் பஸ்ஸிறங்கிப் போனால்
பொன்னுருவியும் அவளும் அத்திமரத்தடியில்,
முழங்கால்வரை சேறு.
இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.
என்னைக் கண்டதும் நிறுத்தினார்கள்.

எனக்கு வயிறு கலங்கியது.
அவள் கேட்கவில்லை.
அன்று சாயங்காலமும் அறுநூறு கொடுத்தாள்,
எண்ணிப் பார்க்காமல்.
அடுத்த நாளும்.
நானும் வாங்கிக்கொண்டேன்,
மகளுக்குப் பள்ளிக்கூட ஃபீஸ்.

ஆடியில் குழாய் இரண்டுமுறை இருமி
சேற்றைத் துப்பி
அப்புறம் தண்ணீர் விட்டது.
ஒருவரும் கைதட்டவில்லை.
குடங்களை வரிசை போட்டுவிட்டுச் சண்டை பிடித்தார்கள்.
இல்சேக்கு அந்தச் சண்டை பிடித்திருந்தது;
நடுவில் போய் நின்று
தன் சின்ன வாளிக்கு இடம் கேட்டாள்.

கிளம்பும் நாள்.
ஜீப்பில் பெட்டி ஏறியாயிற்று.
ஆளாளுக்குப் பேசினார்கள், பலாக்கொட்டை கட்டிக்கொடுத்தார்கள்.
கடைசியில் பொன்னுருவி, அடுப்படியிலிருந்தே, என்னைப் பார்த்து:
"போறவ போகட்டும்.
குழாயைச் சரியா மூடலை, சொட்டுது.
மூடிட்டுப் போகச் சொல்லு."

அவளுக்கு ஏதாவது நல்லதாக
வாயைத் திறந்தேன்.

"கேட்டுச்சு" என்றாள் இல்சே, தமிழில்,
என்னைத் தாண்டி நடந்துபோய்
குழாயை மூடினாள்.